விட்டதா, விடுபட்டதா?
‘ஒமிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பற்றிய ஒரு பாடம்



பரீட்சை முடிந்து வெளியே வரும்போது நீங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “எதைச் சாய்ஸில் விட்டாய்?” என்பதாகும். ஏழு வினாக்களில் ஐந்துக்கு விடை எழுதினால் போதும் என்றால், இரண்டை விட்டுவிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எல்லாவற்றையும் எழுத எண்ணியிருந்து, அவசரத்தில் வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பாமலே வந்துவிட்டால் அதுவும் விட்டதுதான். முன்னது உரிமை, பின்னது இழப்பு. இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் உண்டு. அதுதான் ‘ஒமிட்’.

நான்கே எழுத்துள்ள இச்சொல்லின் எழுத்து, பிறப்பு, பொருள், பயன்பாடு ஆகியவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம். பரீட்சைத் தாளோடு இது நின்றுவிடுவதில்லை. கடை ரசீதிலும், கணக்குப் பேரேட்டிலும், சட்டப் புத்தகத்திலும், நம் ஊர் வளவு வீட்டிலும் இச்சொல்லுக்கு வேலை இருக்கிறது.

எழுத்தும் ஒலியும்

‘ஒமிட்’ என்பதை ஓ, எம், ஐ, டி என நான்கு எழுத்துகளால் எழுத வேண்டும். மாணவியர் பலர் இரண்டு ‘எம்’ போட்டுவிடுகின்றனர். அது தவறு. ‘கமிட்’ என்னும் சொல்லில் இரண்டு ‘எம்’ உண்டு, ‘ஒமிட்’டில் ஒன்றே.

இறந்தகாலத்தில் ‘ஒமிட்டட்’ என்று வரும்போது ‘டி’ இரட்டிக்கும். பெயர்ச்சொல் ‘ஒமிஷன்’ ஆகும்போது ‘டி’ மறைந்து இரண்டு ‘எஸ்’ வரும். அங்கும் ‘எம்’ ஒன்றுதான் என்பதை நினைவில் கொள்க.

‘டி’ ஏன் இரட்டிக்கிறது? இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. சொல்லைச் சொல்லும்போது எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பாருங்கள். ‘ஒமிட்’, ‘அட்மிட்’, ‘பெர்மிட்’, ‘சப்மிட்’ ஆகிய வினைச்சொற்களில் கடைசி அசையில் அழுத்தம் விழுகிறது. ஆகவே ‘டி’ இரட்டிக்கும். ‘விசிட்’, ‘லிமிட்’, ‘எடிட்’ ஆகியவற்றில் முதல் அசையில் அழுத்தம் விழுகிறது. ஆகவே இரட்டிக்காது.

இந்த விதியை மறக்காமலிருக்க ஒரு வழி சொல்கிறேன். ‘ஒமிட்’ என்பதற்கு முன்னால் ‘வி’ என்னும் எழுத்தைச் சேருங்கள். ‘வாமிட்’ வந்துவிடும்! எழுத்தில் ஒன்றே வேறுபாடு. ஆனால் அழுத்தம் முன்னால் போய்விடுகிறது. ஆகையால் ‘வாமிட்டட்’ என்பதற்கு ஒரே ‘டி’. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் தேர்வில் மதிப்பெண்ணைக் காக்கும்.

பிறந்த குடும்பம்

இச்சொல்லின் தாய்மொழி இலத்தீன். ‘மித்தெரே’ என்னும் இலத்தீன் வினைக்கு அனுப்புதல், போகவிடுதல் என்று பொருள். அதன் முன் ‘ஒப்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘ஒமித்தெரே’ ஆயிற்று. கையிலிருந்ததை நழுவவிடுதல் என்பது அதன் கருத்து. வேடிக்கை என்னவென்றால், ‘ஒப்’ என்பதில் இருந்த ‘ப்’ ஒலி சேர்க்கையில் விடுபட்டுப் போயிற்று. விடுதலைக் குறிக்கும் சொல்லே ஓர் எழுத்தை விட்டுவிட்டுத்தான் பிறந்திருக்கிறது.

இதே குடும்பத்தில் பிறந்தவை பல. மேலே அனுப்புவது ‘சப்மிட்’. வழிவிட்டு அனுமதிப்பது ‘பெர்மிட்’. அனுப்பப்பட்டவர் மேற்கொள்ளும் பணி ‘மிஷன்’. திருப்பலியைக் குறிக்கும் ‘மாஸ்’ என்ற சொல்லும் ‘மிஸ்ஸா’ என்ற இலத்தீன் சொல்வழி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பலி முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் வாசகத்திலிருந்து அப்பெயர் வந்தது.

இக்குடும்பத்தில் ‘ஒமிட்’டுக்கு நேர் எதிரில் நிற்பது ‘அட்மிட்’, அதாவது உள்ளே வரவிடுதல். நீங்கள் எல்லோரும் ‘அட்மிஷன்’ பெற்றே இப்பள்ளிக்கு வந்தீர்கள். ஒரு பெண்ணுக்கு அச்சொல் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார் அங்குள்ள மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. அது ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. புதுக்கோட்டை மன்னர் இசைவு தந்ததால் அவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் விளங்கினார். ஒரு ‘அட்மிட்’ இவ்வளவு செய்யுமானால், ஒவ்வோர் ‘ஒமிட்’டும் எவ்வளவைத் தடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பொருளும் அமைப்பும்

‘ஒமிட்’ என்பதற்கு இரு பொருள் உண்டு.

முதற்பொருள்: சேர்க்க வேண்டிய ஒன்றைச் சேர்க்காமல் விடுதல். இப்பொருளில் இதனை அடுத்து ஒரு பெயர்ச்சொல் வரும். எதிலிருந்து விடப்பட்டது என்று சொல்ல ‘ஃப்ரம்’ சேர்க்க வேண்டும். “ஷி ஒமிட்டட் ஹெர் இனிஷியல்” என்றால், அவள் தன் தலைப்பெழுத்தை எழுதாமல் விட்டாள் என்று பொருள். “ஹெர் நேம் வாஸ் ஒமிட்டட் ஃப்ரம் த லிஸ்ட்” என்றால், பட்டியலில் அவள் பெயர் விடுபட்டது என்று பொருள்.

இரண்டாம் பொருள்: செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுதல். இங்கே ‘டு’ சேர்த்து ஒரு வினைச்சொல் வரும். “ஷி ஒமிட்டட் டு சைன்” என்றால், அவள் கையெழுத்திட வேண்டியிருந்தும் இடவில்லை என்று பொருள். ‘செய்யவில்லை’ என்று மட்டும் கூறுவதற்கு இச்சொல் தேவையில்லை. செய்ய வேண்டிய கடமை இருந்தது என்பது இதில் அடங்கியிருக்கிறது. இந்தப் பொருட்செறிவை மறவாதீர்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

‘லீவ் அவுட்’ என்பது பேச்சு வழக்கு. பொருள் ஏறக்குறைய ஒன்றே. அலுவலகக் கடிதத்திலும் கட்டுரையிலும் ‘ஒமிட்’ பொருந்தும்.

‘ஸ்கிப்’ என்றால் தெரிந்தே தாண்டிச் செல்லுதல். காலைப் பலகாரத்தை ‘ஸ்கிப்’ செய்யலாம். ‘ஒமிட்’ செய்தேன் என்பது பொருந்தாது.

‘மிஸ்’ என்றால் பிடிக்க முயன்றும் தவறுதல். பேருந்தை ‘மிஸ்’ செய்வோம். பேருந்தை ‘ஒமிட்’ செய்தேன் என்று எழுதினால் ஆசிரியை சிவப்பு மையைத் தேடுவார்.

‘எக்ஸெப்ட்’ என்றால் தவிர, நீங்கலாக. எல்லாரையும் சொல்லி ஒருவரை மட்டும் ஒதுக்கிக் கூறும் இடத்தில் இது வரும்.

‘எக்ஸ்க்ளூட்’ என்றால் கதவைச் சாத்தி வெளியே நிறுத்துதல். சாத்துதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. இதில் மறதிக்கு இடமில்லை; எண்ணிச் செய்வது.

கடைசி வேறுபாட்டை நம் ஊர் வழக்கைக் கொண்டே விளக்கலாம். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் இல்லை. அவர் முகம் தூக்கிக்கொள்கிறார். “அச்சடிக்கும்போது விட்டுப்போச்சு அண்ணே” என்கிறார் பெண்ணின் தந்தை. “விட்டுப்போச்சா, வேணும்னே விட்டீங்களா?” என்று கேட்கிறார் பெரியப்பா. அவர் ஆங்கிலம் அறியாதவராக இருக்கலாம். ஆனால் ‘ஒமிட்’டுக்கும் ‘எக்ஸ்க்ளூட்’டுக்கும் உள்ள வேறுபாட்டை அவரைவிடத் துல்லியமாக எந்த அகராதியும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். ‘விட்டேன்’ என்றால் விட்டவர் யார் என்பது தெரிகிறது. ‘விட்டுப்போயிற்று’ என்றால் அந்தப் பெயரே எழுந்து நடந்து போனதுபோல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வாஸ் ஒமிட்டட்’ என்னும் செயப்பாட்டு வினையும் இப்படித்தான் செய்தவரை மறைத்துவிடும். எங்கேனும் ‘வாஸ் ஒமிட்டட்’ என்று படித்தால் ‘பை ஹூம்’, அதாவது யாரால், என்று கேட்கப் பழகுங்கள்.

அடையாளம் வைத்து விடுதல்

விடுதல் எல்லாம் குற்றமா? இல்லை. நம் தமிழ் இலக்கணத்தில் விடுதலுக்கு என்றே முறை வகுத்திருக்கிறார்கள்.

‘பால் குடித்தாள்’ என்கிறோம். ‘பாலைக் குடித்தாள்’ என்பதில் உள்ள ‘ஐ’ உருபு இங்கே இல்லை. ஆனாலும் பொருள் கெடவில்லை. அது மறைந்து நின்று பொருள் தருகிறது. இதனை இரண்டாம் வேற்றுமைத்தொகை என்று படித்திருக்கிறீர்கள். ‘படித்தாயா?’ என்ற வினாவில் ‘நீ’ இல்லை. அது தோன்றா எழுவாய். விடப்பட்ட உருபும் எழுவாயும் தொலைந்துவிடவில்லை. கேட்பவர் அவற்றை எடுத்துச் சேர்த்துக்கொள்ள முடிகிறது.

ஆங்கிலத்திலும் இதற்கென அடையாளங்கள் உண்டு. ‘டோன்ட்’ என்று எழுதும்போது ‘என்’னுக்கும் ‘டி’க்கும் நடுவே மேலே ஒரு சிறு குறி போடுகிறோம். அதற்கு ‘அபாஸ்ட்ரஃபி’ என்று பெயர். ‘இங்கே ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன்’ என்று அக்குறி ஒப்புக்கொள்கிறது. பிறர் எழுதியதை எடுத்துக்காட்டும்போது நடுவே சில சொற்களை விட்டால் மூன்று புள்ளிகள் வைக்க வேண்டும். புள்ளி வைக்காமல் விட்டால், அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சிட்டார். ஏடுகள் செல்லரித்தும் சிதைந்தும் இருந்தன. அடி கிடைக்காத இடங்களில் அவர் புள்ளியிட்டுக் காட்டினார். தம் கற்பனையால் நிரப்பவில்லை. 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவே இல்லை. இன்றும் புறநானூற்றுப் பதிப்புகளில் 266-க்குப் பின் 269 வருகிறது. அந்த இரண்டு எண்களை யாரும் எடுத்துக்கொண்டு வரிசையைச் சரிசெய்துவிடவில்லை. இல்லாததற்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இப்பாடத்தின் மையக் கருத்து இதுதான்: அடையாளம் வைத்து விட்டது மீட்கத்தக்கது, அடையாளமின்றி விட்டது தொலைந்துபோவது.

அடையாளமின்றி விடுதல்

கி.பி. 1631-இல் இலண்டனில் அரச அச்சகத்தார் விவிலியம் ஒன்றை அச்சிட்டனர். அதில் பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் ‘நாட்’ என்ற ஒரு சொல் விடுபட்டுப் போயிற்று. ‘செய்யாதே’ என்றிருக்க வேண்டியது ‘செய்’ என்று ஆகிவிட்டது! அச்சிட்டவர்களுக்கு 300 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. விடுபட்டது மூன்றெழுத்துச் சொல். வாக்கியமோ இலக்கணப்படி சரியாகவே இருந்தது. அதனால்தான் அச்சுக்கோத்தவர் கண்ணிலும் அது படவில்லை.

கணக்கு வழக்கில் பெயர் பெற்ற நம் செட்டிநாட்டார்க்கு இது புதிதன்று. கணக்குப்பதிவியல் படிக்கும் மேல்நிலை வகுப்பு மாணவியர் ‘விடுபிழை’ என்பதை அறிவர். நூறு ரூபாய் விற்பனையைப் பற்றில் எழுதி வரவில் எழுதாமல் விட்டால், இருப்பாய்வு பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த விற்பனையை இரண்டு பக்கமும் எழுதாமல் அடியோடு விட்டுவிட்டால்? இருப்பாய்வு கச்சிதமாகப் பொருந்தும்! அரைகுறையாக விட்டது அகப்படுகிறது. முழுவதுமாக விட்டது அகப்படுவதே இல்லை.

வணிகர் இதை உணர்ந்தே ரசீதின் அடியில் ‘ஈ. அண்டு ஓ. ஈ.’ என்று அச்சிடுகின்றனர். ‘எர்ரர்ஸ் அண்டு ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட்’ என்பதன் சுருக்கம் அது. ‘பிழைகளும் விடுபாடுகளும் நீங்கலாக’ என்பது பொருள். எழுதியதில் பிழையோ விடுபாடோ இருந்தால் பின்னர் திருத்திக்கொள்ள இடம் வைத்திருக்கிறோம் என்று அறிவிப்பதாகும். நாம் இன்று படித்த ‘ஒமிஷன்’, ‘எக்ஸெப்ட்’ இரண்டும் அச்சிறு வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ரசீதைக் கவனித்துப் பாருங்கள்.

செய்யாமல் விட்ட குற்றம்

நல்ல சமாரியன் உவமையை நீங்கள் அறிவீர்கள். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன குருவும் லேவியனும் அவனை அடிக்கவில்லை, பறிக்கவில்லை. அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. அதுவே அவர்கள்மீது எழும் குற்றச்சாட்டு. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில் பழைய இலத்தீன் முறைப்படி சிந்தனை, சொல், செயல் என்ற மூன்றே இருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் 1970-இல் வெளிவந்த திருப்பலி நூலில் நான்காவதாக ‘ஒமிஷன்’ சேர்க்கப்பட்டது. கடமையில் தவறுதலும் பாவமே என்பது பழைய போதனை. அறிக்கையில் அது இடம்பெற்றது அப்போதுதான்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், ‘செயல்’ என்று கூறுமிடத்தில் சட்ட விரோதமாகச் செய்யாமல் விட்டதையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு அச்சட்டம் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றில், ஒரு கைதிக்கு உணவு கொடுக்க வேண்டிய சிறைக் காவலர், அவன் சாக வேண்டும் என்னும் எண்ணத்தோடு உணவு கொடுக்காமல் விடுகிறார். அங்கே ‘ஒமிட்ஸ் டு சப்ளை’ என்றே ஆங்கிலத்தில் இருக்கிறது. நாம் படித்த இரண்டாம் பொருள் அதுவே. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. புதிய சட்டத்திலும் இக்கருத்து மாறவில்லை.

பெயர் விடுபட்ட பெண்கள்

நாடு விடுதலை பெற்றபின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடைபெற்றது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் யாவர்க்கும் வாக்குரிமை. வாக்காளர் பட்டியல் தயாரிக்க அலுவலர்கள் வீடு வீடாகச் சென்றனர். வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. அயலாரிடம் பெயர் சொல்லுவது அங்கே வழக்கமில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே எழுதச் சொன்னார்கள்.

தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென், வாக்காளர் தம் சொந்தப் பெயராலேயே பதிவாக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். விளைவு என்ன? ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 இலட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகியவற்றிலேயே பெரும்பாலானவர்கள் இருந்தனர்.

இங்கே ‘பை ஹூம்’ என்று கேட்டுப் பாருங்கள். விட்டது யார்? பெயர் சொல்லாத பெண்ணா? சொல்லக் கூடாது என்று பழக்கிய வீடா? நீக்கிய அலுவலகமா? ஒரே விரலால் சுட்ட முடியவில்லை. ஆனால் இழந்தவர் யார் என்பதில் ஐயமில்லை. அதன்பின் நடந்த தேர்தல்களில் பெண்கள் பெயர் சொல்லிப் பதிந்துகொள்ளப் பழகினர்.

நம் வீடும் 23-ஆம் பிரிவும்

இனி, நம் ஊருக்கு வருவோம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டாரும் வருகின்றனர். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். திருமணமான மகன் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை என்று வகுத்த வீடுகள் அவை. மகளுக்கு என்ன? திருமணத்தின்போது சீர்வரிசை. வெள்ளியிலிருந்து வெண்கலம் வரை, பெரிய அண்டாவிலிருந்து சிறு கரண்டி வரை பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். அப்பட்டியலில் எதுவும் விடுபடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வீடு மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளையும் வாரிசாக்கியது. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு தாழ்ப்பாள் போட்டது. குடும்பத்தார் முழுவதுமாகக் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. அங்கே தங்கும் உரிமை மகளுக்கு உண்டு. அதுவும் அவள் திருமணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்தவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருந்தால் மட்டுமே. நல்லபடியாக வாழ்கிற மகளுக்குப் பிறந்த வீட்டில் தங்கும் உரிமைகூட இல்லை.

தமிழ்நாடு அரசு 1989-இல் இச்சட்டத்தைத் திருத்தியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள். 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமாகிவிட்ட பெண்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. பின்னர் நாடாளுமன்றம் 2005-இல் 39-ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. அது அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருமணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாடின்றி யாவரும் பிறப்புரிமை பெற்றனர். அச்சட்டத்தில் 23-ஆம் பிரிவைப் பற்றி உள்ளது ஒரே சிறு வரி. அப்பிரிவு ‘ஒமிட்’ செய்யப்பட வேண்டும் என்பதே அது!

ஐம்பது ஆண்டுகளாகப் பெண்ணை வாசலில் நிறுத்திய ஒரு பிரிவு, ‘ஒமிட்டட்’ என்னும் ஒரு சொல்லால் போயிற்று. பெண்ணை விட்டுவிட்ட பிரிவையே விட்டுவிட்டார்கள். 2020 ஆகஸ்டு 11-ஆம் நாள், உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில், அச்சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் இச்சட்டம் கலைப்பதில்லை.

இன்றைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் 22-க்கு அடுத்து 24 என்று எண்ணை நகர்த்திவிடவில்லை என்பதைக் காணலாம். 23 என்ற எண் அங்கேயே நிற்கிறது. அதன் எதிரே ‘2005-ஆம் ஆண்டின் 39-ஆம் சட்டத்தால் ஒமிட்டட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. புறநானூற்றின் 267-ஐப் போல, விட்டதற்கும் ஓர் இடம். இப்படி ஒரு காலத்தில் சட்டம் இருந்தது என்பதை வருங்காலப் பெண்கள் மறவாதிருக்க அந்த எண் உதவும்.

இச்சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோர்க்கு உரியது. கிறித்தவர்க்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உள்ளது. அதில் உயில் இல்லாதபோது மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது ரூ. 5,000, இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே மகளுக்குத் தந்தது. 1951-இல் வந்த மத்தியச் சட்டம், தான் நீக்கும் சட்டங்களுள் அதன் பெயரைச் சொல்லவில்லை. ஆகவே அது நீங்கவில்லை என்று பலர் வாதாடினர். ஆசிரியை மேரி ராய் வழக்குத் தொடர்ந்தார். 1986 பிப்ரவரி 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பெயர் சொல்லாவிட்டாலும் அது 1951-லேயே நீங்கிவிட்டது என்று தீர்ப்பளித்தது. நம் இலக்கணத்தில் சொன்னால், சம உரிமை முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தொக்கி நின்றது. விரித்துக் காட்ட ஒரு பெண் தேவைப்பட்டார்.

பெற்றோர்களே! மகளுக்குச் செய்த சீரைச் சொல்லி, “அவளுக்குத்தான் எல்லாம் கொடுத்தாயிற்றே” என்று பத்திரத்தில் பெயரை விட்டுவிடுவதும், விடுதலைப் பத்திரத்தில் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதும் இன்றும் நடப்பவையே. மகள் மனமொப்பி விட்டுக்கொடுப்பது அவள் உரிமை. அவளுக்குத் தெரியாமலே விடுபடச் செய்வது வேறு. முன்னது சாய்ஸில் விட்டது. பின்னது வினாத்தாளின் பின்பக்கத்தை அவளுக்குக் காட்டாமலே விட்டது.

பயிற்சி

1. ‘ஒமிஷன்’ என்பதில் எத்தனை ‘எம்’, எத்தனை ‘எஸ்’?
2. “ஹெர் நேம் வாஸ் ஒமிட்டட்” என்பதைச் செய்வினையாக மாற்றுக. மாற்றுவதற்கு உங்களுக்கு என்ன செய்தி தேவைப்படுகிறது?
3. பொருத்தமான சொல்லைத் தேர்க: ‘ஐ ____ த பஸ்’ (மிஸ்டு, ஒமிட்டட்).
4. ‘விசிட்டட்’ என்பதில் ‘டி’ ஏன் இரட்டிக்கவில்லை?
5. ‘மோர் குடித்தாள்’: இதில் தொக்கி நிற்பது எது?
6. உங்கள் குடும்பக் கொடிவழியை நான்கு தலைமுறைக்கு எழுதுக. ஆண்களின் பெயர்கள் எளிதில் வந்துவிடும். பெண்களின் பெயர் தெரியாத இடங்களில் எதையும் இட்டு நிரப்பாமல், வரிசையையும் மூடிவிடாமல், மூன்று புள்ளிகள் வைக்கவும். பிறகு அப்பத்தாவிடமும் ஆயாவிடமும் தாளை எடுத்துச் சென்று உட்காரவும்.

முதல் ஐந்துக்கும் விடைகள்: (1) ஒரு ‘எம்’, இரண்டு ‘எஸ்’. (2) விட்டவர் யார் என்ற செய்தி. (3) மிஸ்டு. (4) அழுத்தம் முதல் அசையில் விழுவதால். (5) ‘ஐ’ உருபு. ஆறாவது வினாவுக்கு விடை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.